திரௌபதி கதையைப் பெண் பார்வையில் எழுத எந்த இடத்தைப் பிடிப்பது?

வேலூர்ப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்துப் பார்த்துவிட்டு, திரௌபதியைப் பெண் பார்வையில் சிறுகதையாக்க வழி கேட்கிறீர்கள்.

துகில் உரியும் சபையை விட்டுவிடுங்கள். எல்லாரும் அங்கேதான் போய் விழுகிறார்கள். 'தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்கத் தருமருக்கு ஏது உரிமை?' என்று அவளே கேட்டாயிற்று. தருமம் நுட்பமானது என்று பீஷ்மர் நழுவியும் ஆயிற்று. அதற்குமேல் நாம் இரண்டு பக்க வசனம் எழுதினால் மேடைப் பேச்சுதான் மிஞ்சும்.

சிரிப்பை எடுங்கள். மயன் கட்டிய மண்டபத்தில் துரியோதனன் தண்ணீரில் விழுகிறான். வியாச பாரதத்தின் புனே ஆய்வுப் பதிப்பில் (பல சுவடிகளை ஒப்பிட்டுத் தொகுத்தது), விழும் இடத்தில் சிரிப்பவர்கள் பணியாட்கள், பீமன், அர்ச்சுனன், இரட்டையரான நகுல சகாதேவர். ஊர் திரும்பி அப்பனிடம் புலம்பும்போதுதான் 'திரௌபதியும் பெண்களோடு சிரித்தாள்' என்று அவன் சேர்க்கிறான். 'குருடன் மகன் குருடன்' என்ற பேச்சு அங்கே அவள் வாயில் இல்லை. போருக்கே அவள் சிரிப்புதான் காரணம் என்று நாம் டீக்கடை வரை பேசுகிறோம்! அவள் சிரித்தாளா இல்லையா என்று சொல்லாமலே, அந்தப் பேச்சு வாய்க்கு வாய் வளர்வதை எழுதலாம்.

எழுதுமுன் எந்தப் பாரதம் என்று முடிவு செய்யுங்கள். கலந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பழி தீரும்வரை கூந்தலை முடிய மாட்டேன் என்ற சபதம் கூத்தில் உண்டு, பாரதியின் 'பாஞ்சாலி சபத'த்திலும் உண்டு. புனே பதிப்பில் தூது போகும் கண்ணனிடம் கூந்தலைக் கையில் ஏந்தி, 'சமாதானம் பேசும்போது இதை மறக்காதே' என்கிறாள். அவ்வளவுதான்.

கூத்திலிருந்தே எடுப்பதென்றால் படுகளம், அதாவது துரியோதனன் விழும் காட்சி. மண்ணால் செய்து மல்லாத்திய துரியோதனன் உருவம், பீமன் தொடையில் அடித்ததும் ரத்தமாகச் சிவப்பு, திரௌபதிக்குக் கூந்தல் முடிப்பு, சாயங்காலம் தீமிதி. ஊர்க் கண் முழுக்க அம்மன்மேல்தான். துரியோதனன் மனைவிக்குக் கூத்தில் பெருந்திருவாள் என்று பெயர். அவளை வைத்து எழுதுங்கள். ஒரு மண் உடம்பு, பக்கத்துக்கு ஒருத்தியாகத் திரௌபதியும் பெருந்திருவாளும். அடி விழுவதில் தொடங்கிக் கூந்தல் முடிந்ததும் நிறுத்தினால் 1,200 சொல்லில் அடங்கும். பெருந்திருவாளின் ஒப்பாரியைச் செந்தமிழில் எழுதாதீர்கள். சாவு வீட்டில் பாடும் பெண்களைக் கேட்டு, அவர்கள் மூச்சு விடும் இடத்தில் வரியை ஒடியுங்கள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுவதாக மட்டும் முடிக்க வேண்டாம். ஒருத்தி கூந்தலில் தடவுவது இன்னொருத்தி புருஷனின் ரத்தம்.

இன்னொன்று: பல ஊர்களில் துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்பார். எதிரே சேலை கட்டி நிற்பவரும் பெரும்பாலும் ஆண்தான். இதை வேறு கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதிலேயே திணித்தால் பெருந்திருவாள் காணாமல் போய்விடுவாள்.