வளாகத்தில் காகித மறுசுழற்சி தொடங்கப் போகிறீர்களா? தொட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

"எங்கள் பல்கலைக்கழகத்தில் நண்பர்கள் சேர்ந்து காகித மறுசுழற்சித் திட்டம் தொடங்க இருக்கிறோம். எத்தனை தொட்டி வாங்குவது, என்ன நிறம், எங்கே வைப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்று கேள்வியுமே தொட்டியைப் பற்றியது. நாங்களும் சரியாக அங்கேதான் சறுக்கினோம். நீங்கள் நாலைந்து பேர், கையில் கொஞ்சம் நிதி, ஆதரவாக ஒரு பேராசிரியர், அடுத்த மாதம் ஒரு தொடக்க விழா என்று வைத்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும். நான் சுற்றுச்சூழல் நிபுணன் இல்லை. ஆய்வு மாணவனாக இருந்தபோது இப்படி ஒரு திட்டத்தில் மாட்டிக்கொண்டவன், அவ்வளவுதான்.

நாங்கள் 24 தொட்டிகள் வாங்கினோம். அதில் என்ன படம் ஒட்டுவது என்று ஒரு கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசினோம். மூன்று அம்புகள் துரத்திக்கொள்ளும் அந்த முக்கோணத்துக்குப் பதிலாகப் பல்கலைக்கழக முத்திரையைப் போடலாமே என்றார் ஓர் அதிகாரி. அந்த முக்கோணத்தை வரைந்ததே ஒரு பல்கலைக்கழக மாணவர்தான், 1970ல் அட்டைப்பெட்டி செய்யும் நிறுவனம் ஒன்று நடத்திய போட்டிக்காகக் கேரி ஆண்டர்சன் என்பவர் கலிபோர்னியாவில் படிக்கும்போது வரைந்தது என்று சொன்னேன். கடைசியில் இரண்டையும் ஒட்டினோம். விழா நடந்தது, படம் எடுத்தார்கள், பின்னால் தொங்கியது பிளாஸ்டிக் பேனர். அதைப் பற்றி வேண்டாம்.

மூன்றாவது வாரம் பழைய பேப்பர் எடுப்பவரை வரவழைத்தோம். அவர் முதல் மூட்டைக்குள் கையை விட்டார். ஈரமான காகிதக் கப் ஒன்று வந்தது. இரண்டாவது மூட்டையில் எண்ணெய்க் கறை படிந்த பொட்டலத்தாள். மூன்றாவதை அவர் திறக்கவே இல்லை.

எனக்குக் கோபம் மாணவர்கள் மேல். இரண்டு தொட்டி பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பிரித்துப் போடத் தெரியவில்லையே என்று எங்கள் மாடியைக் கூட்டும் அக்காவிடம் புலம்பினேன். அவர் துடைப்பத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: "தம்பி, ரெண்டு தொட்டி வெச்சீங்க, சரி. அள்ளிட்டுப் போக ஒரே வண்டிதானே குடுத்திருக்கீங்க?"

உண்மைதான். மாடியில் பிரிந்திருந்த காகிதம் வண்டியில் மறுபடி குப்பையோடு ஒன்றாகிவிட்டது. 24 தொட்டி வாங்கிய நாங்கள் இரண்டாவது வண்டியை யோசிக்கவில்லை. மழை படாமல் மூட்டையை வைக்க ஓர் அறையையும் யோசிக்கவில்லை.

இதைவிட மோசமானது பிறகுதான் தெரிந்தது, அதுவும் இரவுக் காவலர் சொல்லி. துறை அறைகளில் சேரும் காகிதத்தைத் தூய்மைப் பணியாளர்கள் பல வருடமாகத் தனியே எடுத்துவைத்து எடைக்குப் போட்டு வந்திருக்கிறார்கள். ஈரம் படாமல், வெள்ளைத்தாள் தனி, செய்தித்தாள் தனி, அட்டை தனி என்று. அதாவது எங்கள் வளாகத்தில் மறுசுழற்சித் திட்டம் ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் 'தொடங்கி' அதை நிறுத்திவிட்டோம். அவர்கள் கைக்கு வந்துகொண்டிருந்த சிறு காசையும் சேர்த்து. அந்த அக்கா என்னிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அது பல்கலைக்கழகச் சொத்து, அவர்கள் விற்றது தவறு" என்று யாராவது பின்னூட்டம் போடுவீர்கள். நிர்வாகமும் அதையேதான் சொன்னது, தணிக்கைக்கு என்ன பதில் சொல்வது என்று. பல கூட்டங்களுக்குப் பிறகு ஓர் ஏற்பாடு வந்தது: பழைய கோப்புகள், விடைத்தாள்கள் விற்ற பணம் பல்கலைக்கழகக் கணக்குக்கு, அன்றாடம் அறைகளில் சேரும் காகிதத்தின் பணம் அதைப் பிரிப்பவர்களுக்கு. அதன் பிறகுதான் மூட்டைகள் சுத்தமாக வரத் தொடங்கின. விதியை எல்லோரும் ஒரே மாதிரி எழுத முடியாது என்று தெரியும். ஆனால் நீங்கள் முதலில் பேச வேண்டியது அவர்களிடம்.

அடுத்து, எடுத்துக்கொள்ளப் போகிறவரிடம் எது வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள். அலுவலக வெள்ளைத்தாளின் நார் வெளுத்தது, நல்ல ரகம், அதற்குத்தான் மதிப்பு. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு முறைக்கு மேல் தாங்காது. அதில் செய்தித்தாளையும் அட்டையையும் கலந்தால் மொத்தமும் மட்ட ரகக் கணக்கில் போய்விடும். காகிதக் கப்பின் உள்ளே பாலித்தீன் பூச்சு இருக்கிறது. ரசீது அச்சாகும் வழவழப்பான தாளில் ரசாயனப் பூச்சு. இரண்டும் வேண்டாம். ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்க உட்காராதீர்கள். ஆலையில் கூழைச் சலிக்கும்போது அது தானாகப் பிரிந்துவிடும். நாங்கள் ஒரு சனிக்கிழமை முழுக்கப் பின் பிடுங்கினோம். விடைத்தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் நார் இன்னும் குட்டையாகும். ரகசியம் முக்கியம் என்றால் கட்டாகவே ஆலைக்கு அனுப்பி, உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்கக் கூழாக்கச் சொல்லலாம்.

எவ்வளவு சேரும் என்று நிர்வாகம் கேட்கும். வழக்கமான 80 கிராம் தாள் என்றால் சதுர மீட்டருக்கு 80 கிராம். ஏ4 என்பது அதில் பதினாறில் ஒரு பங்கு, ஆக ஒரு தாள் 5 கிராம், 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ. துறை வாங்கும் கட்டுகளை எண்ணினாலே கணக்கு வந்துவிடும்.

இந்த 5 கிராமை நான் மறக்கவே மாட்டேன். என் ஆய்வேடு 240 தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, இரட்டை வரி இடைவெளி, ஐந்து பிரதி. ஆறு கிலோ. இடது ஓரம் கால் அங்குலம் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி ஆறு கிலோ. இருபுறமும் அச்சடிக்கலாமா என்று கேட்டதற்கு, "விதியில் இல்லை" என்றார் ஆய்வேடு வாங்கும் பிரிவில் இருந்தவர். அவர் தலைக்கு மேல் சுவரில் 'காகிதத்தைச் சேமிப்போம்' என்று ஓர் அறிவிப்பு. அதை அச்சடித்துக் கொடுத்தது எங்கள் குழுதான்! கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, தெரியும். ஆனாலும் எங்காவது சொல்ல வேண்டியிருந்தது.

"எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிவிட்டால் காகிதமே இருக்காதே" என்பவர்களுக்கு: மாற்றுங்கள், நல்லது. நாங்கள் அச்சு இயந்திரங்களை இருபக்க அச்சுக்கு மாற்றிவைத்ததே பெரிய வேலை செய்தது. ஆனால் அலமாரியில் ஏற்கெனவே கிடக்கும் காகிதம் அதனால் கரைந்துவிடாது.

கடைசியாக, நீங்கள் கேட்ட தொட்டி. எண்ணிக்கை: முதலில் ஒரே ஒரு கட்டடத்துக்கு மட்டும். இடம்: அச்சு இயந்திரத்தின் பக்கத்தில், கூடவே ஒரு சாதாரணக் குப்பைத்தொட்டி, அது இல்லையென்றால் எல்லாம் இதற்குள்தான் விழும். நிறம் எதுவானாலும் சரி. வாய் மட்டும் தபால்பெட்டி மாதிரி ஒடுக்கமாக இருக்கட்டும், கப் நுழையாது.