ஆணை வரும் முன்னே ஓட்டு வீட்டை இடிக்கலாமா?

கேள்வி: மதுரை செல்லூரில், மாமனார் கட்டிய பழைய ஓட்டு வீட்டில் குடியிருக்கிறோம். பட்டா இன்னும் அவர் பெயரில்தான். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. மாமியார் எங்களோடு இருக்கிறார். நாத்தனாரைத் திருமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் 2.5 லட்சம் வாங்கித் தருவதாகச் சொல்லி 20,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். “உடனே வீட்டை இடித்து அஸ்திவாரம் போட்டுவிடுங்கள், போட்டோ எடுத்து முதல் தவணையை வாங்கிவிடலாம்” என்கிறார். மழைக்கு முன் இடித்துவிடலாமா?

பதில்: இடிக்காதீர்கள், சகோதரி. பணமும் கொடுக்காதீர்கள். ஒரு ஓட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். ஒழுகினால் இந்த மழைக்குத் தார்ப்பாய் போட்டுச் சமாளியுங்கள்.

அவர் சொல்லும் திட்டம் உண்மையானதுதான். 2015-ல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2024 செப்டம்பர் முதல் நடக்கிறது. சொந்த மனையில் தாங்களே கட்டிக்கொள்பவர்களுக்கான பிரிவில் மத்திய அரசின் பங்கு 1.5 லட்சம், மாநிலத்தின் பங்கு குறைந்தது 1 லட்சம். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள், இவர்களில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கேயும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசுத் திட்டத்தில் வீடு வாங்கியிருக்கவும் கூடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதிலெல்லாம் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் அந்த மனிதர் சொல்லும் வரிசையில் இருக்கிறது. இந்த மானியம் முன்பணமாக வருவதில்லை. முதலில் விண்ணப்பம், பிறகு ஆவணச் சரிபார்ப்பு, பட்டியலில் ஒப்புதல், அதன்பின் உங்கள் பெயருக்கு வேலை உத்தரவு. அந்த உத்தரவு கையில் இருந்தால்தான் பொறியாளர் வந்து செல்போன் செயலியில் படம் எடுப்பார். அந்தப் படத்தில் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை தானாகவே பதிவாகும். முதல் படம் ‘வேலை தொடங்கவில்லை’ என்ற நிலைக்கானது. அதற்குப் பிறகுதான் அஸ்திவாரம், லிண்டல், கூரை, முடிவு என்று ஒவ்வொரு நிலைக்கும் ஒரு படம். நீங்கள் கைக்காசைப் போட்டு அந்தந்த நிலைவரை கட்டிய பிறகே அதற்கான பணம் வங்கிக்கு வரும். இப்போதே அஸ்திவாரம் போட்டுவிட்டால் அந்த முதல் படத்தை எங்கே போய் எடுப்பது? வந்தவர் தன் செல்போனில் எடுக்கும் போட்டோவுக்கு எந்த அலுவலகத்திலும் மதிப்புக் கிடையாது.

அப்புறம் ஏன் இடிக்கச் சொல்கிறார்? இடித்துவிட்டால் நீங்கள் பின்வாங்க முடியாது. குழந்தைகளோடு வாடகை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, “சார், பட்டியலில் பேர் வந்துவிட்டதா?” என்று அவரையே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அவர் ஒரு தொகை சொல்வார். இப்படி ஏமாந்த பல குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தரை மட்டத்தில் நின்றுபோன அஸ்திவாரத்தில் எருக்கு முளைத்திருக்கும். தரகரின் போன் அணைந்திருக்கும்.

விண்ணப்பிக்கத் தரகரே தேவையில்லை. திட்டத்தின் இணையதளத்தில் ஆதார் எண்ணைக் கொடுத்து, செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டு நீங்களே பதியலாம். கணவருக்குத் தெரியாவிட்டால் கல்லூரி படிக்கும் ஒரு பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓடிபியை மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். தரகர்கள் செய்யும் வேலையே தங்கள் செல்போன் எண்ணை உங்கள் விண்ணப்பத்தில் போட்டுவிடுவதுதான். பிறகு உங்கள் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பதிந்த பிறகு விண்ணப்ப எண்ணை எழுதி வையுங்கள். தமிழ்நாட்டு நகரங்களில் இந்தப் பிரிவை நடத்துவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது நாம் இன்னும் குடிசை மாற்று வாரியம் என்று சொல்லும் அதே வாரியம். ‘ஹவுசிங் போர்டு ஏஜென்ட்’ என்று அட்டை நீட்டுபவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சிலர் கலைஞர் கனவு இல்லத்தின் 3.5 லட்சத்தைக் காட்டியும் ஆசை மூட்டுகிறார்கள். அது ஊராட்சிப் பகுதிகளுக்கான திட்டம், மாநகராட்சி எல்லைக்குள் செல்லாது.

இனி நீங்கள் கேட்காமல் விட்டதற்கு வருகிறேன். உங்கள் விண்ணப்பத்தைத் தடுக்கப்போவது பட்டாதான். மாமனார் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மாமியார், உங்கள் கணவர், நாத்தனார் மூவருக்கும் அந்த இடத்தில் சம பங்கு உண்டு. மாமனாரின் தாயார் அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு என்ன பங்கு என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நாத்தனாரிடம் முத்திரைத் தாளில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கினால் போதும் என்றும் தரகர்கள் சொல்வார்கள். அதை ஏற்கும் அலுவலகங்களும் இருக்கலாம். ஆனால் அது பதிவு செய்யப்படாத காகிதம். கூரை போடும் நேரத்தில் நாத்தனாரின் வீட்டார் ஒரு மனு கொடுத்தால் வேலை அப்படியே நிற்கும். நின்ற வேலைக்கு அடுத்த தவணை வராது.

சரியான வழி இதுதான். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 60 ரூபாய், கொடுப்பவர் தாசில்தார். அது வந்ததும், பங்கை விட்டுக்கொடுப்பவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். உங்களுடையது சிறிய இடம், விட்டுக்கொடுக்கும் பங்கின் மதிப்புக்கு மட்டும்தான் கணக்கு, அதனால் உச்சவரம்பைத் தொடாது என்றே நினைக்கிறேன். நாத்தனாருக்கு நியாயமாக ஏதாவது கொடுத்து, அதைப் பத்திரத்திலும் எழுதுங்கள். முழு இடமும் ஒரே பெயருக்கு வந்துவிட்டால் உட்பிரிவு, அதாவது இடத்தை அளந்து பிரிப்பது, தேவையில்லை, சர்வேயருக்காக மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். மதுரை போன்ற ஊரில் பட்டாவோடு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும் பார்ப்பார்கள். அதிலும் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் மாறி மற்றொன்றில் மாறாமல் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

யார் பெயருக்கு மாற்றுவது? இதில்தான் பலர் யோசிக்காமல் கணவர் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுத்து யோசியுங்கள். திட்டத்தில் வீடு பெண் பெயரிலோ கணவன்-மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பது விதி. வயது வந்த பெண்ணே இல்லாத குடும்பத்துக்கு மட்டும்தான் விலக்கு. அதோடு கைம்பெண்கள், தனித்து வாழும் பெண்கள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு. உங்கள் மாமியார் ஏற்கெனவே பங்குதாரர், கைம்பெண், அறுபதைக் கடந்தவராக இருந்தால் முதியோரும்கூட. ஆகவே மகனும் மகளும் தங்கள் பங்கை அம்மாவுக்கு விடுதலை செய்து, அவரே விண்ணப்பதாரராக இருப்பது பல குடும்பங்களுக்கு நல்ல வழி. அம்மா பெயருக்கு என்றால் நாத்தனாரும் சுலபமாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. வீடு மாமியாருடையது ஆகிவிடும். அவர் காலத்துக்குப் பிறகு மகனுக்கும் மகளுக்கும் மறுபடி சம பங்கு வரும். கடன் வாங்கிக் கட்டியது உங்கள் கணவர் என்பதை அந்தப் பத்திரம் சொல்லாது. அது பரவாயில்லை என்று மூவரும் மனமொத்துச் சொன்னால் மாமியார் பெயரில் போங்கள். இல்லையென்றால் கணவர் பெயருக்கு விடுதலை வாங்கி, வீட்டுக்கு உங்கள் இருவர் பெயரிலும் விண்ணப்பியுங்கள். மாமியாருக்கு முன்பு எப்போதாவது அரசு வீடு ஒதுக்கப்பட்டதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மறந்துபோன பழைய ஒதுக்கீடு சரிபார்ப்பில் வந்து நிற்கலாம்.

இவ்வளவுக்கும் உங்களை நாலு அலுவலகம் ஏறவிடுகிறார்களே என்று எனக்குக் கோபம் வருகிறது. தாசில்தாரிடம் கணினி, சார்பதிவாளரிடம் கணினி, மாநகராட்சியில் கணினி, வாரியத்திலும் கணினி. ஒன்றில் இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. தினக்கூலியை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கட்டைச் சுமப்பவர் விண்ணப்பதாரர்தான். தரகர் வாழ்வது இந்த இடைவெளியில். மத்திய அரசின் 1.5 லட்சமும் 2015-ல் இருந்த அதே 1.5 லட்சம்தான். சிமெண்டும் கம்பியும் அதே விலையிலா இருக்கின்றன? இன்று சதுர அடிக்கு 2,000 ரூபாய்க்குக் கீழே எந்த மேஸ்திரியும் பேசுவதில்லை. 400 சதுர அடி வீட்டுக்கு 8 லட்சம் ஆகும். மானியம் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி 5.5 லட்சத்துக்கு வழி தெரிந்த பிறகுதான் உத்தரவு வந்தாலும் இடிக்க வேண்டும். நகையோ வங்கிக் கடனோ எதுவென்று இப்போதே முடிவு செய்யுங்கள். தவணை தாமதமாகிறதே என்று வாரவட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். அந்த வட்டி மானியத்தையே தின்றுவிடும்.

வீட்டின் உள்பரப்பு 30-லிருந்து 45 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 323-லிருந்து 484 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். இரண்டு அறை, சமையலறை, கழிப்பறை அவசியம். கட்டுமான அனுமதிக்கும் யாருக்கும் கமிஷன் தர வேண்டாம். சிறு மனைகளுக்கு 2024 ஜூலை முதல் இணையத்தில் சுயசான்று முறையிலேயே அனுமதி கிடைக்கிறது.

கடைசியாக, மேஸ்திரி விஷயம். “நானே முழுதாகக் கட்டித் தருகிறேன், பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் என்னிடம் கொடுங்கள்” என்பார்கள். கையெழுத்துப் போட்ட பணமெடுக்கும் சீட்டையும் வாங்கிக்கொள்வார்கள். பணம் அங்கே போய்விட்டால் லிண்டலோடு வேலை நின்றுவிடும். வேலை நிலைக்குத் தக்கபடி நீங்களே எடுத்துக் கொடுங்கள், கொடுத்ததை நோட்டில் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதிகாரி யாரேனும் கை நீட்டினால் முதலமைச்சர் உதவி மையத்தின் 1100 எண்ணில் புகார் சொல்லுங்கள், அல்லது திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். விண்ணப்பிக்கும் முன் வங்கிக்குப் போய், விண்ணப்பதாரரின் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது, அந்தக் கணக்கு நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். தவணை அந்தக் கணக்குக்குத்தான் வரும்.