சைக்கிளில் வேலைக்குப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

வீடு வெட்டூர்ணிமடத்தில், வேலை கோட்டாறில். பெட்ரோல் செலவு கட்டுப்படியாகாமல் சைக்கிளுக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். ஆனால் நம்ம ஊர் ரோட்டில் சைக்கிள் ஓட்டிவிட்டு முழுசாக வீடு வந்து சேர முடியுமா? – வாசகர், நாகர்கோவில்

சேரலாம். ஆனால் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வழியைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கூட்டரில் போன அதே வழியில்தான் சைக்கிளிலும் போகவேண்டும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், பயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வடசேரி, செட்டிகுளம் என்று பஸ்ஸும் லாரியும் முட்டிக்கொண்டு நிற்கிற இடங்களைக் கூடுமானவரை விட்டுவிட்டு, உள்தெருக்கள் வழியாகப் போக முடியுமா என்று பாருங்கள். அரை கிலோமீட்டர் கூடினால் கூடட்டும், மிதிக்கிறவருக்கு அது இரண்டு நிமிஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசரமில்லாமல் அந்த வழியே போய்வாருங்கள், எந்த முக்கில் நாய் துரத்தும், எங்கே ஓடை சிலாப் உடைந்து கிடக்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். நாலஞ்சு கிலோமீட்டரை நிதானமாக மிதித்தாலும் இருபது நிமிஷம்தான் ஆகும், சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கிற ஸ்கூட்டர்காரர் உங்களைவிட ரொம்ப முன்னால் போய்விடமாட்டார்.

அடுத்தது, ரோட்டில் எங்கே ஓட்டுவது என்பது. பயந்த ஆள் தார் முடிகிற விளிம்பில், பாதி மண்ணில் பாதி தாரில் ஓட்டுவார். அதுதான் ஆபத்து. நீங்கள் ஒதுங்க ஒதுங்க, பின்னால் வருகிறவர் இடம் இருக்கிறது என்று நினைத்து உரசிக்கொண்டு போவார், உங்களுக்கு விலகவும் இடம் இருக்காது. விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது உள்ளே தள்ளி, நேர்கோட்டில், தடுமாறாமல் ஓட்டுங்கள். நிறுத்தி வைத்திருக்கிற காரைக் கடக்கும்போது, அதன் கதவு திறந்தாலும் இடிக்காத தூரம் வேண்டும். ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸின் இடப்பக்கம் நுழையவே கூடாது. ஆள் இறங்குவது ஒரு பக்கம், பஸ் நகர்ந்தால் டிரைவர் கண்ணுக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள் என்பது இன்னொரு பக்கம். ரவுண்டானாவில் வலது பக்கம் திரும்பப் பயமாக இருந்தால் இறங்கி உருட்டிக்கொண்டு கடந்துவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. சைக்கிளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் நான் போடுகிறேன், நீங்களும் போடுங்கள். இருட்டிய பிறகு பின்பக்கம் சிவப்பு விளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. ரோட்டை அகலப்படுத்துவது பற்றி எல்லாரும் பேசுகிறோம், நடக்கிறவருக்கும் மிதிக்கிறவருக்கும் அதில் எவ்வளவு இடம் என்று யாரும் கேட்பதில்லை. சைக்கிளுக்குத் தனிப்பாதை எல்லாம் அப்புறம் வரட்டும், உங்கள் வழியில் உடைந்த சிலாப்பையும் எரியாத தெருவிளக்கையும் எழுதிக் கவுன்சிலர் கையில் கொடுங்கள், சரியாகும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

எங்கள் பக்கம் எங்கே போனாலும் ஏற்றம், இல்லையென்றால் இறக்கம். கியர் சைக்கிள் கட்டாயமா? – வாசகர், மார்த்தாண்டம்

உங்களுக்குக் கட்டாயம்தான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் சாதாரணச் சைக்கிளை வாங்கிவிட்டு இரண்டாவது வாரமே அதைத் திண்ணையில் சாத்திவைத்தவர்கள் நிறைய. ஆனால் 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் ஏழு கியர் போதும். பின்னால் இருக்கிற பெரிய பல்சக்கரத்தில் எத்தனை பல் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 28 என்றால் சமாளிக்கலாம், 34 இருந்தால் முட்டி தப்பிக்கும். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த சைக்கிள் வேண்டாம், கனம் கூடும், ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் கொஞ்சத்தை ஸ்பிரிங்கே தின்றுவிடும். வயது காரணமாக ஏற்றம் முடியவில்லை என்றால் பேட்டரி சைக்கிள் இருக்கிறது. மோட்டார் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் கீழே இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம்.

மழையில் இறங்கும்போது கவனம். ரிம் நனைந்திருந்தால் பிரேக் கட்டை உடனே பிடிக்காது, இறக்கம் தொடங்குவதற்கு முன்பே லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டுத் தண்ணீரைத் துடைத்துவிட வேண்டும். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, ஆகவே இதை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

தோவாளைப் பக்கத்து ஆட்களுக்கு மேடு குறைவு, கியர் தேவையில்லை என்பார்கள். ஆனால் ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்து நாகர்கோவிலுக்கு மிதித்துப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று அது. எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடித்துவைக்கப் போராடாமல் கியரைக் குறைத்து மெல்லப் போங்கள், சாயங்காலம் அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுவந்து விடும்.

மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். ஆபீசுக்குச் சைக்கிளில் போகப் போகிறேன் என்கிறான். அவ்வளவு பெரிய ஊரில் இது சரிவருமா? – வாசகி, தக்கலை

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மிதிப்பதற்கு மட்டும் பார்த்தால் தக்கலையைவிடச் சென்னை சுலபம், ஊர் முழுக்கச் சமதளம். ஆபீஸ் ஏழெட்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் தாராளமாகப் போகட்டும். வெயில் ஏறுவதற்கு முன் கிளம்பச் சொல்லுங்கள், பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டச் சொல்லுங்கள், முதுகு நனைவது பாதி குறையும். மாற்றுச் சட்டை ஒன்று ஆபீசிலேயே இருக்கட்டும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வடகிழக்குப் பருவமழையில் ரோட்டில் தண்ணீர் நின்றால் சைக்கிளை இறக்கக் கூடாது. தண்ணீருக்கு அடியில் மூடியில்லாத குழி இருந்தால் தெரியாது. அன்றைக்கு மெட்ரோவோ மின்சார ரயிலோ பார்த்துக்கொள்ளட்டும்.

பெரிய ஊரில் சைக்கிள் சரிவராது என்று முன்பு நெதர்லாந்திலும்தான் நினைத்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அங்கே கார் பெருகி, 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,300 பேர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 1973-ல் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது, அதன் பிறகுதான் அரசு சைக்கிள் பாதை போட ஆரம்பித்தது. அம்மா அப்பாக்கள் கேட்டதால் நடந்த மாற்றம் அது, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

பிளஸ் ஒன்னில் கொடுத்த இலவச சைக்கிளை விற்றுவிட்டு, அண்ணன் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகச் சொல்கிறார்கள் வீட்டில். – மாணவி, சுசீந்திரம்

விற்காதே அம்மா. கியர் இல்லாத 50 சிசி வண்டிக்குத்தான் 16 வயதில் லைசென்ஸ் கிடைக்கும், அண்ணனின் ஸ்கூட்டர் அதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது ஆகாதவர் குற்றம் செய்து பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. இதை வீட்டில் வாசித்துக் காட்டு. பிறகு சைக்கிளை மெக்கானிக்கிடம் கொண்டுபோய் எல்லா நட்டையும் முடுக்கி, சீட்டை உயர்த்தச் சொல். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். கால்வலி வருவதற்குத் தாழ்ந்த சீட்தான் முக்கியமான காரணம்.

எத்தனை முறை செயின் மாற்றினாலும் துரு. – வாசகர், குளச்சல்

உப்புக்காற்று, வேறென்ன. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் செயின் எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், மணலும் தூசியும் அதில் ஒட்டிப் பிசினாகிவிடும். சைக்கிளை முற்றத்தில் விடாமல் வீட்டுக்குள் ஏற்றிவையுங்கள், அடுத்த முறை சக்கரம் மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸ் கேட்டு வாங்குங்கள்.