அசைவத்தை நிறுத்திய வீட்டில் தினமும் என்ன சமைப்பது? ராகி ரொட்டி விண்டு போகாமல் தட்டுவது எப்படி?

புரட்டாசிக்கு நிறுத்திய கறி, மீனை அப்படியே விட்டுவிட்டோம், இப்போது சாம்பாரும் பொரியலும் சாப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது என்கிறீர்கள். ராத்திரிக்கு ராகி ரொட்டி தட்டினால் விண்டு விண்டு போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நாங்கள் பாலக்கோட்டுப் பக்கம். எங்கள் வீட்டில் கறியை முதலில் விட்டது மாமனார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அடுப்படியிலிருந்து மசாலா வாசம் வராவிட்டால் மனிதருக்கு இருப்புக் கொள்ளாது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது, நாக்கு தேடுவது வறுத்து அரைத்த மசாலாவையும், பல்லில் கடிபட ஏதாவது ஒன்றையும்தான். கத்தரிக்காயும் சுரைக்காயும் அதைத் தராது. கொட்டை, பயறு பக்கம் போங்கள். மீல்மேக்கரைக் கறி மாதிரி செய்து ஏமாற்றும் வேலை எனக்குப் பிடிக்காது.

மார்கழி, தையில் ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து பச்சை மொச்சை வரும். அப்போது பிதுக்கம்பருப்புக் குழம்பு வையுங்கள். உரித்த கொட்டையை ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளிப் போய் எங்கோ விழும். வேலை கொஞ்சம் இழுக்கும். பிள்ளைகளை உட்கார வைத்துவிடுங்கள், பாதி பருப்பு தரையில் கிடந்தாலும் பரவாயில்லை. மல்லி, காய்ந்த மிளகாய், பட்டை, கிராம்பு, கசகசா, சின்ன வெங்காயம், பூண்டு எல்லாம் எண்ணெயில் வறுத்து, தேங்காயும் இஞ்சியும் சேர்த்து மைய அரையுங்கள். தக்காளியை நன்றாகக் குழைய வதக்கி, அரைத்ததை ஊற்றிக் கொதித்த பிறகு பருப்பைப் போடுங்கள். குக்கர் வேண்டாம், குழைந்துவிடும். திறந்த சட்டியிலேயே சீக்கிரம் வெந்துவிடும். பனிக்காலம் முடிந்துவிட்டால் காய்ந்த மொச்சையை முதல்நாளே ஊறப்போட்டு இதே மசாலாவில் வைக்கலாம், அதற்குக் குக்கர் வேண்டும்.

வேலைநாளுக்கு உப்புச்சாறு. காராமணியோ பச்சைப்பயறோ முக்கால் பதம் வெந்ததும் தண்டுக்கீரையை நறுக்கிப் போட்டு, உப்புப் போட்டு வேகவைத்துத் தண்ணீரை வடித்துக்கொள்ளுங்கள். வடித்த தண்ணீர்தான் சாறு. கீரையையும் பயறையும் வெங்காயம், பூண்டு தாளித்துப் பிரட்டினால் தொட்டுக்கொள்ள ஆயிற்று. மிளகாய், பூண்டு, மிளகு, சீரகம், புளி வைத்துக் காரத்தைத் தனியாக அரைத்து வைத்துவிடுங்கள். அவரவர் தட்டில் வேண்டிய அளவு கரைத்துக்கொள்ளட்டும். சின்னதுக்குக் காரம் ஆகாது, பெரியவருக்குக் காரம் போதாது என்கிற வீட்டில் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. களிக்கும் இதுதான், சோற்றுக்கும் இதுதான்.

இனி ரொட்டி. கோதுமை மாவில் பசைத்தன்மை கொடுக்கும் குளூட்டன் இருக்கிறது, இழுத்தால் இழுபடும். ராகியில் அது இல்லை. பச்சைத்தண்ணீரில் பிசைந்தால் விண்டு போகத்தான் செய்யும். தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதிதண்ணீர் பட்டால்தான் மாவிலுள்ள ஸ்டார்ச் உப்பிப் பிசுபிசுப்பாகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒரு டம்ளர் மாவுக்கு முக்கால் டம்ளர் தண்ணீர். உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், பச்சைமிளகாய், உருவிய முருங்கைக்கீரை, ஒன்றிரண்டாகத் தட்டிய வறுத்த வேர்க்கடலை போட்டுக் கரண்டிக் காம்பால் கிளறி, மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் அழுத்திப் பிசையுங்கள். உருண்டை பிடிக்கும்போது ஓரம் வெடித்தால் கையை நனைத்து இன்னும் கொஞ்சம் பிசைய வேண்டும் என்று அர்த்தம். "ஓரம் வெடிச்சா கல்லுல போடாத, கையிலயே சரி பண்ணிக்கோ" என்பார் எங்கள் அத்தை.

பழைய வெள்ளை வேட்டித் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து பலகையில் விரித்து, கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டுங்கள். நடுவில் விரலால் ஒரு ஓட்டை. துணியோடு தூக்கி இரும்புக் கல்லில் கவிழ்த்து, துணியை மெதுவாக உரியுங்கள். ஓட்டையிலும் சுற்றியும் கடலெண்ணெய் விட்டு மூடி வையுங்கள். மேல்பக்கம் வெளுப்பு போய்க் கருஞ்சிவப்பாக மாறினால் திருப்பலாம், அதற்கு முன்னால் தோசைத் திருப்பியைத் தொடவே கூடாது. வாழை இலை கிடைத்தால் துணிக்குப் பதில் அதிலும் தட்டலாம்.

சத்துக்குப் பயப்பட வேண்டாம். 100 கிராம் ராகியில் கால்சியம் மட்டும் 340 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் புரதம் 7 கிராம் அளவுக்குத்தான், அதனால் பக்கத்தில் பயறோ கடலைச் சட்னியோ இருக்கட்டும். கொள்ளில் புரதம் 20 கிராமுக்கு மேல், வாரத்தில் ஒருநாள் கொள்ளுக் கடைசல் வையுங்கள். பி12 மட்டும் கீரையிலும் பயறிலும் கிடைக்காது. பால், தயிர், முட்டை ஏதாவது ஒன்று பிள்ளைகளுக்கு வேண்டும். முட்டையும் இல்லை என்றால் டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக மாவு. 2023-லிருந்து எங்கள் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளும் வழி வந்தது. எங்கே வாங்கினாலும் கல் பார்த்து, கழுவி, வெயிலில் காயவைத்து மில்லில் சன்னமாக அரைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் பேசாமல் மறுநாள் போங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிற மாவை ஒரேயடியாக அரைத்து வைக்க வேண்டாம். நாள்பட்ட மாவில் சிக்கு வாடை வரும், ரொட்டியும் கசக்கும்.