ஸ்டீபன்: ‘பி-எச்’ போடுவதா, ‘வி’ போடுவதா?

கேள்வி: பேரனுக்கு என் கணவரின் பெயரான ஸ்டீபனையே வைக்கப் போகிறோம். அவருடைய சான்றிதழ்களில் ஆங்கிலத்தில் ‘பி-எச்’ போட்டிருக்கிறது. மருமகளோ ‘வி’ போட்டால்தான் உச்சரிப்பு ஒழுங்காக வரும் என்கிறாள். எது சரி?

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆங்கிலேயர்கள் ‘பி-எச்’ என்று எழுதினாலும் பெரும்பாலும் ‘ஸ்டீவன்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாம் ஸ்டீபன் ஹாக்கிங் என்று எழுதுகிறோமே, அவரும் அங்கே ஸ்டீவன்தான். கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரி போன்ற சிலர் விதிவிலக்கு.

மூலம் கிரேக்கம். ‘ஸ்தெபனோஸ்’ என்றால் வெற்றி பெற்றவருக்குச் சூட்டும் மாலை, மகுடம். கிறிஸ்தவத்தின் முதல் இரத்தசாட்சியான ஸ்தேவானின் பெயர் இது என்பதால் ஐரோப்பா முழுக்கப் பரவியது. நம் கத்தோலிக்கர்கள் அவரை முடியப்பர் ஆக்கியது எனக்கு மிகவும் பிடித்த பெயர்ப்பு.

பெயரின் நடுவில் வரும் கிரேக்க எழுத்தை லத்தீனில் ‘பி-எச்’ என்று எழுதினார்கள். பிரெஞ்சுப் பேச்சிலோ அந்த ஒலி வகரமாகி, பெயர் ‘எஸ்தியெவ்ன்’ போல ஒலித்தது. பிற்பாடு வகரமும் தேய்ந்து இன்றைய ‘எத்தியென்’ ஆகிவிட்டது. 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் அங்கே சாதாரண மக்களும் இந்தப் பெயரை வைக்கத் தொடங்கினார்கள். 1135 முதல் 1154 வரை ஆண்ட அரசரே ஒரு ஸ்டீபன். லத்தீன் ஏட்டைப் பார்த்து எழுதினால் ‘பி-எச்’, காதில் விழுந்தபடி எழுதினால் ‘வி’. ஆகவே ‘வி’ ஏதோ நவநாகரிகத் திருத்தம் இல்லை. ரயில் எஞ்சின் புகழ் ஜார்ஜ் ஸ்டீபன்சன் ‘பி-எச்’ கட்சி. இயக்குநர் ஸ்பீல்பெர்க் ‘வி’ கட்சி. செல்லமாகச் சுருக்கினால் எல்லாரும் ஸ்டீவ்.

என் யோசனை: தாத்தாவின் நினைவாக வைப்பதால் ‘பி-எச்’சையே வையுங்கள். இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மகனின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே குடும்பப் பெயராக இருந்தால், அது ஏற்கெனவே ‘பி-எச்’தான், ஒரே வீட்டில் இரண்டு எழுத்து இருந்தால் விசா நேரத்தில் வீண் விளக்கம். கடைசி ‘இ’க்குப் பதில் ‘ஏ’ மட்டும் போட்டுவிடாதீர்கள். ‘ஸ்டெஃபான்’ என்று வாசிப்பார்கள்.

எதுவானாலும் பிறப்புச் சான்றிதழில் பதியும் முன் முடிவு செய்யுங்கள். பிறப்பைப் பதிந்து 12 மாதத்துக்குள் பெயர் சேர்க்கக் கட்டணம் இல்லை. ஆதாரும் பள்ளிச் சான்றும் அந்த எழுத்தையே பின்பற்றட்டும்.