தன்னம்பிக்கைக்காகக் காத்திருத்தல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். தேர்வு நெருங்கினாலே தூக்கம் போய்விடுகிறது; ஆய்வேட்டைத் திறக்கவே கை வருவதில்லை. பல்கலைக்கழகத்தில் நடத்தும் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியில் (மூச்சையும் எண்ணங்களையும் அவை வருகிறபடியே கவனிக்கும் பயிற்சி) சேர்ந்து, இப்போது மூன்றாவது வாரம். கண்ணை மூடினால் எண்ணங்கள் முன்பைவிட அதிகமாக ஓடுகின்றன. அடிப்படையில் எனக்குத் தன்னம்பிக்கை இல்லை. இந்தப் பயிற்சி அதைத் தருமா? நல்ல செயலி ஏதேனும் உண்டா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

செயலியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. எண்ணங்கள் அதிகமாக ஓடுவதும் குறையல்ல. எப்போதும் ஓடிக்கொண்டிருந்தவை இப்போதுதான் உங்கள் கண்ணில் படுகின்றன. அமெரிக்கப் பேராசிரியர் ஜான் கபட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் இந்த மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி முறையைத் தொடங்கியபோது வந்தவர்களில் பலர் தீராத வலியோடு வாழ்ந்தவர்கள். வலி இருக்கும்போதே அதைக் கவனிக்கத்தான் அவர்கள் கற்றார்கள். கேம்பிரிட்ஜில் 616 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு வாரப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தேர்வுக் காலத்து மன உளைச்சல் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. நீங்களோ மூன்றாவது வாரத்திலேயே கணக்குக் கேட்கிறீர்கள். (எல்லாத் தேர்வுகளையும் ஒரே வாரத்தில் திணித்துவிட்டு, மூச்சைக் கவனிக்கச் சொல்லும் நிர்வாகங்களின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது, 'எனக்குத் தன்னம்பிக்கை இல்லை' என்ற வரிதான். அதை ரத்தப் பிரிவைச் சொல்வதுபோல் சொல்கிறீர்கள். சில காலமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய கட்டுரையில் நான்காகப் பிரித்தார்: தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்து முடிப்பதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கமொழி, தன் உடலும் உணர்ச்சியும் தரும் அறிகுறிகள். இவற்றுள் வலுவானது முதலாவது. நாமோ மூன்றாவதை நம்பி, யாராவது முதுகில் தட்டிக்கொடுப்பார்கள் என்று உட்கார்ந்திருக்கிறோம். தன்னம்பிக்கை வந்தபின் ஆய்வேட்டைத் திறப்பேன் என்பது, அலை ஓய்ந்தபின் கடலாடுவேன் என்பதுதான். திறக்காதவருக்கு அது எங்கிருந்து வரும்?

நான் பாடம் நடத்திய காலத்தில், ஒரு வாய்மொழித் தேர்வில் ஒரு மாணவியின் கையிலிருந்த தாள், கேட்கும்படி சலசலத்தது. வெளியே தோழிகள் 'கலக்கிடுவ' என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவள் தாளை மேசைமேல் வைத்து, உள்ளங்கைகளை அதன்மேல் ஊன்றி, ஒரு மூச்சு விட்டு, "கை நடுங்குகிறது சார், தொடர்கிறேன்" என்றாள். குரல் கடைசிவரை நடுங்கியது. ஆனால் நான்காம் அட்டவணையைப் பற்றிக் கேட்டபோது, அந்தக் கணக்கைத் தானே மறுபடி மறுபடி போட்டுப் பார்த்திருந்ததால், தாளைப் பாராமலேயே பதில் சொன்னாள்.

பயிற்சி உங்களுக்கு உதவக்கூடிய இடம் இதுதான். நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, 'தோற்றுவிடுவேன்' என்று ஓர் எண்ணம் வருகிறது. இம்மூன்றையும் தனித்தனியாகக் காணப் பழகியவர், படபடப்பைத் தன் அறிவின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார். பண்டூராவின் நான்காவது ஊற்று இப்படித்தான் கலங்காமல் இருக்கும். முதலாவதை எந்த வகுப்பும் உங்களுக்காக நிரப்பித் தராது. அதற்கு நீங்கள்தான் எழுத வேண்டும், பயந்துகொண்டேயாவது.

தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தாமதிக்காமல் மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போங்கள். அங்கே என் கடிதம் உதவாது.

மற்றபடி, பயிற்சியைப் பாதியில் விட வேண்டாம். இன்று ஆய்வேட்டில் மிகச் சிறிய பகுதியைத் திறந்து ஒரு பத்தி எழுதுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த கடிதத்தில் எந்த இயலில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். தன்னம்பிக்கையின் அளவை நான் கேட்கப்போவதில்லை.