அரண்மனைக்காரன் தெரு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாரிமுனையில் ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். அரண்மனைக்காரன் தெரு வழியாகத்தான் தினமும் போய் வருகிறேன். செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோணியார் கோயில் கூட்டம், மற்ற நாட்களில் மூட்டையும் தள்ளுவண்டியும். அதற்குமேல் அந்தத் தெருவைப் பற்றி யோசித்ததில்லை. போன மாதம்தான் முதல்முறையாக ஆர்மேனியர் தேவாலயத்துக்குள் போனேன். வெளியே அவ்வளவு இரைச்சல், உள்ளே தரையெல்லாம் கல்லறை. என்ன எழுத்து என்றே தெரியவில்லை. எங்கள் அலுவலக நண்பரிடம் சொன்னேன். “வியாபாரம் பண்ண வந்தாங்க, சம்பாதிச்சாங்க, போனாங்க. அது நம்ம வரலாறே இல்லை” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொல்வது சரியா? அந்தத் தெருவைப் பற்றி நீங்கள் எழுத வேண்டும்.

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. ஆர்மேனியர்கள் வியாபாரத்துக்குத்தான் வந்தார்கள். ஆனால் ‘போனாங்க’ என்று அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. போவதற்கு அவர்களுக்கு என்று ஒரு நாடு அப்போது இல்லை. ஆர்மேனியா பாரசீகருக்கும் உதுமானியத் துருக்கியருக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. அதைத் தெரிந்துகொண்டால்தான் அந்தத் தெரு புரியும்.

உதுமானியரோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, 1604-ல், பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அராஸ் ஆற்றங்கரையில் இருந்த ஜுல்பா என்ற ஆர்மேனிய நகரத்தைக் காலிசெய்ய வைத்தார். மக்களைத் தன் தலைநகரான இஸ்பஹானுக்குக் கொண்டுபோனார். வழியில் ஏராளமானவர்கள் செத்தார்கள். பிழைத்தவர்கள் இஸ்பஹானை ஒட்டி ‘புது ஜுல்பா’ என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கினார்கள். பட்டு வணிகம் அவர்கள் கைக்கு வந்தது. கொஞ்ச காலத்திலேயே ஆம்ஸ்டர்டாம் முதல் மணிலா வரை அவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். சென்னைக்கு அவர்கள் வந்தது 1660-களில். 1688-ல் கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் அவர்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் ஊர்களில் எங்கே 40 ஆர்மேனியர் சேர்ந்தாலும் அங்கே ஒரு மரக்கோயில் கட்டித் தருவோம், பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகள் வருடம் 50 பவுன் தருவோம் என்பது அதில் ஒரு ஷரத்து. வணிக ஒப்பந்தத்தில் கோயிலைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். வெறும் லாபத்துக்காகச் சுற்றியவர்கள் இதைக் கேட்டிருப்பார்களா?

சென்னையில் அவர்களுடைய முதல் தேவாலயம் 1712-ல் வந்தது. நீங்கள் பார்த்தது அதுவல்ல. அது இருந்த அப்போதைய கறுப்பர் நகரம், அதாவது வெள்ளையர் அல்லாதவர்கள் குடியிருந்த பகுதி, கோட்டைச் சுவரை ஒட்டி, இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில் இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் ஊர் கம்பெனிக்குத் திரும்பி வந்ததும், எதிரிக்குத் துணைபோனார்கள் என்ற சந்தேகத்தில் கத்தோலிக்கரையும் ஆர்மேனியரையும் கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் நகரத்தைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். பழைய கறுப்பர் நகரத்தையும் பீரங்கி சுடத் திறந்தவெளி வேண்டும் என்று இடித்துவிட்டார்கள். அப்படி வடக்கே தள்ளப்பட்டவர்கள் சேர்ந்த இடம்தான் உங்கள் தெரு. அங்கே இப்போதுள்ள தேவாலயம் 1772-ல் கட்டியது. ஆர்மேனியக்காரன் தெருவை நம் ஜனங்கள் அரண்மனைக்காரன் தெரு ஆக்கியது அப்புறம் நடந்த கதை. அரண்மனை எதுவும் அங்கே இருந்ததில்லை.

அந்தச் சந்தேகம் எவ்வளவு அநியாயமானது என்பதற்கு ஒருவர் பெயர் போதும்: கோஜா பெத்ருஸ் உஸ்கான். பெரும் செல்வந்தர். பிரெஞ்சுக்காரர் அவருடைய சொத்தைப் பறித்தார்கள். தங்கள் பக்கம் வந்தால் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1726-ல், சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டியவரும் அவர்தான். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். செலவு 30,000 வராகன் (அன்றைய பொன் நாணயம்). இன்றைய மறைமலையடிகள் பாலம் அந்த இடத்தில் எழுந்ததுதான். பரங்கிமலை உச்சிக்குப் போகும் கற்படிகளும் அவர் போட்டவை.

‘நம்ம வரலாறு’ என்று உங்கள் நண்பர் சொன்னாரே, அதை இங்கே கேட்கலாம். அந்த வராகன்கள் எங்கிருந்து வந்தன? மணிலா அப்போது ஸ்பானியர் கையில். ஆங்கிலக் கப்பல்களை உள்ளே விடமாட்டார்கள், ஆர்மேனியர் பெயரில் போகும் கப்பல்களை விடுவார்கள். அந்தக் கப்பல்கள் இங்கிருந்து ஏற்றிக்கொண்டு போனது சோழமண்டலக் கரையின் துணியை. அதை நெய்தவர்கள், சாயவேரில் சிவப்பு ஏற்றியவர்கள், சலவை செய்து மடித்தவர்கள் எல்லாம் இந்த மண்ணின் ஜனங்கள். 1734-ல் கம்பெனி சிந்தாதிரிப்பேட்டையை உண்டாக்கியதே நெசவாளர்களைக் குடியேற்றத்தான். உஸ்கான் பெயர் கல்லில் இருக்கிறது, தறிக்காரர் பெயர் இல்லை. ஆனால் பாலத்தில் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. வரலாற்றை அவர்களுடையது, நம்முடையது என்று பாகம் பிரித்தால் நம் நெசவாளர்களைத்தான் முதலில் இழப்போம்.

சரி, எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. சென்னையில் அப்போது அச்சுக்கூடம் என்பதே அபூர்வம். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கொண்டுவந்த அச்சுப்பொறி வேப்பேரியில் மிஷனரி பப்ரிசியுஸிடம் இருந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து, தேவாலயம் கட்டிய அதே காலத்தில், ஷாஹாமிர் ஷாஹாமிரியன் என்ற வணிகர் ஓர் ஆர்மேனிய அச்சுக்கூடத்தைத் தொடங்கினார். புது ஜுல்பாவில் பிறந்தவர். 1772-ல் மோவ்சேஸ் பக்ராமியன் எழுதிய ஒரு நூல் அங்கே அச்சாகி வந்தது. ‘அறிவுரை என்னும் புதிய ஏடு’ என்று தலைப்பு. பெயர்தான் அப்படி. உள்ளே இருந்தது, அடிமைத்தனத்திலிருந்து எழுந்து நாட்டை மீட்க வேண்டும் என்று இளைஞர்களுக்கு விடுத்த அறைகூவல். ஆர்மேனியாவில் இருந்த திருச்சபைத் தலைவர் சிமியோன் அதைக் கண்டு பதறிப்போனார். பாரசீகரும் உதுமானியரும் பார்த்தால் மொத்த இனத்துக்கும் ஆபத்து என்று நினைத்திருக்க வேண்டும். பிரதிகளை அழிக்கச் சொன்னார். அவர் பயத்தையும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அவர் ஆபத்தின் நடுவே இருந்தார், இவர்கள் கடல் தாண்டிச் சென்னையில் இருந்தார்கள்.

அடுத்து வந்தது இதைவிடப் பெரியது. ஷாஹாமிரியன் ஒரு சுதந்திர ஆர்மேனியாவுக்கு அரசியல் சட்டமே எழுதினார். 521 பிரிவுகள். தலைப்புப் பக்கத்தில் 1773 என்று இருக்கிறது, அச்சு முடிந்தது 1780-களின் பிற்பகுதியில் என்று ஆய்வாளர்கள் பலர் கணிக்கிறார்கள். ஆசிரியர் என்று தன் மகன் ஹாகோப் பெயரைப் போட்டார். அந்த மகன் 1774-ல் மலாக்காவில் இறந்துபோனார். இந்தச் சட்டத்தில் அரசர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுக்கும் சபை ஒன்று, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். ஆள்கிறவரும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆணோ பெண்ணோ, ஆர்மேனியரோ வெளியிலிருந்து வந்தவரோ, நாட்டில் வாழும் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் வாழ வேண்டும் என்கிறது. ஆனால் சபையில் உட்காரும் உரிமையை மட்டும் ஆர்மேனியத் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்கே வைத்துக்கொண்டது. அதன் காலமும் அதில் தெரிகிறது, காலத்தை மீறிய பார்வையும் தெரிகிறது. படை இல்லை, மண் இல்லை, சென்னையில் துணியும் மணிக்கல்லும் விற்கிற ஒருவர் உட்கார்ந்து, தான் பார்க்கப் போகாத நாட்டுக்குத் தேர்தல் விதி எழுதியிருக்கிறார். நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது. ஷாஹாமிரியன் 1797-ல் இறந்தார். ஆர்மேனியக் குடியரசு பிறந்தது 1918-ல். இரண்டே ஆண்டில் அது சோவியத் கைக்குப் போனது. மறுபடி சுதந்திரம் கிடைத்தது 1991-ல்.

ஷிராஸ் நகரத்திலிருந்து வந்த பாதிரியார் ஹாருத்யுன் ஷ்மாவோனியனையும் சொல்லியாக வேண்டும். மகன்களைப் பறிகொடுத்த துக்கத்தோடு சென்னைக்கு வந்தவர் அவர். இங்கே ஓர் அச்சுக்கூடம் வைத்தார். 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே முதல் ஆர்மேனியப் பத்திரிகை அதுதான். கப்பல் செய்தி, பாரசீகத்திலிருந்து வந்த கடிதங்கள், வணிகர் அறிவிப்புகள் எல்லாம் அதில் வந்தன. சந்தாதாரர் போதவில்லை. 18 இதழ்களோடு 1796 மார்ச்சில் நின்றுவிட்டது. தமிழின் முதல் இதழ் என்று பொதுவாகச் சொல்லப்படும் ‘தமிழ் மேகசின்’ வந்தது 1831-ல். நம் ஊரில் நம் மொழிக்கு ஓர் இதழ் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஆர்மேனிய மொழியில் ஒன்று வந்து நின்றும்போயிருக்கிறது. அப்புறமும் ஷ்மாவோனியன் சென்னையில்தான் இருந்தார். 1824-ல் இறந்தார். அவர் கல்லறை நீங்கள் போய்வந்த அதே வளாகத்தில் இருக்கிறது. ஆர்மேனியாவிலிருந்து வருகிறவர்கள் அதைத் தேடி வந்து வணங்குகிறார்கள். நாம் பக்கத்துத் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டுப் போகிறோம்.

பிற்காலத்தில் அந்தத் தெரு அலுவலகங்களின் தெருவாகிவிட்டது. பின்னி கம்பெனி அங்கேதான் இருந்தது. அன்னி பெசன்ட் உண்டாக்கிய கோகலே மண்டபமும் அந்தத் தெருதான், இந்தியாவுக்குத் தன்னாட்சி கேட்ட ஹோம் ரூல் கூட்டங்கள் நடந்த இடம். அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆர்மேனியர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து, இப்போது தேவாலயத்தைக் கல்கத்தாவில் இருக்கும் ஆர்மேனியச் சபையினர்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் நண்பருக்கு இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் மதிய இடைவேளையில் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உண்டு. இரண்டு மணிகள், பத்தொன்பது வயதில் இறந்துபோன ஷாஹாமிரியனின் கடைசி மகன் எலியாசர் நினைவாக 1778-ல் வைத்தவை. இன்னொரு மணியை 1808-ல் திரும்ப வார்த்தார்கள். அதில் தமிழ் எழுத்து இருக்கிறது. கூண்டுக்கு மேலே ஏற விடுவார்களா என்று கேட்டுப் பாருங்கள். சைதாப்பேட்டைப் பக்கம் போனால் உஸ்கானின் பாலக் கல்வெட்டையும் தேடுங்கள். பாரசீகம், ஆர்மேனியம், லத்தீன் மூன்று மொழியிலும் எழுதியிருக்கும். பார்த்துவிட்டு உங்கள் நண்பர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்